இருவர் ஆடும் ஆட்டம்

விளையாட்டு விழாவன்று மேடையின் ஓரத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் கோப்பைகள் அணிவகுத்து நிற்கும். ஓட்டத்தில் முதலிடம் பெற்றவளுக்கு ஒன்று. நீளம் தாண்டுதலில் வென்றவளுக்கு ஒன்று. இறகுப்பந்து ஒற்றையர் ஆட்டத்தில் வென்றவளுக்கு ஒன்று. இரட்டையர் ஆட்டத்தில் வென்ற இருவருக்கு? அவர்களுக்கும் ஒன்றே! "ஆறு மாதம் உன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில்" என்று அந்த இருவரும் உடன்படிக்கை செய்துகொள்வார்கள். பார்ப்பவருக்கு இது வேடிக்கை. ஆனால் இரட்டையர் ஆட்டக்காரியின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால், அந்த ஒற்றைக் கோப்பையில் தொடங்கும் கணக்கு உலக அரங்கு வரை நீள்வது தெரியும். அதைப் பற்றி எங்கள் மனத்தில் எழுந்த சில எண்ணங்களை இம்மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தால் ஆடும் பூப்பந்து நெடுநாள் பழக்கம். இறகுப்பந்து அப்படியன்று. பதினாறு இறகுகள் செருகிய அந்தச் சிறு பந்தின் எடை ஐந்து கிராம் அளவே. ஆடிக் காற்றில் அடித்தால் அது வலையைத் தாண்டுகிறதோ இல்லையோ, மதிற்சுவரைத் தாண்டிவிடும்! ஆகவே அதற்குக் கூரையிட்ட அரங்கு வேண்டும். வசதி குறைந்த நம் ஊர்களில் இந்த ஆட்டம் பரவுவதற்குத் தாமதமானதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆடுகளத்தின் நீளம் 44 அடி. ஒற்றையர் ஆட்டத்திற்கு அகலம் 17 அடி. இரட்டையருக்கு 20 அடி. ஆட்கள் இரண்டு மடங்கு; இடமோ மூன்றே அடிதான் அதிகம். "அப்படியானால் வேலை பாதியாகக் குறைந்துவிடுமே!" என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. எதிர்ப்பக்கத்திலும் இருவர் நிற்பதால் பந்து இன்னும் விரைவாகத் திரும்பி வரும். தாக்கும்போது ஒருத்தி வலையருகே, மற்றவள் பின்னால். தடுக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையில், ஒரு சொல்லும் இல்லாமல் இந்த இடமாற்றம் நடந்தாக வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது இருவருக்கும் நடுவே வந்து விழும் பந்து. "அவள் எடுப்பாள்" என்று இருவரும் விட்டுவிடுவார்கள். அல்லது இருவருமே பாய்ந்து மட்டையோடு மட்டை மோதும். அந்த நடுப்பந்து யாருடையது என்பதைப் பழகிக்கொள்ளவே ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

இத்தகைய வாழ்க்கையைத் தொழிலாகவே ஏற்றுக்கொண்ட ஒரு தமிழ்ப் பெண்ணை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறோம். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு பிறந்த தீனா முரளிதரன்தான் அவர். அவருடைய இணை பேர்லி டான். அவரைவிட இரண்டு வயது இளையவரான சீனப் பெண். வீட்டில் பேசும் மொழி வேறு, உண்ணும் உணவு வேறு, கொண்டாடும் பண்டிகை வேறு. ஆனால் களத்தில் இறங்கினால் நான்கு கைகள் கொண்ட ஒரே ஆட்டக்காரி! இருவரும் 2021-இல் ஸ்விஸ் ஓப்பன் பட்டத்தை வென்றார்கள். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம்; அதே ஆண்டில் பிரெஞ்சு ஓப்பன் பட்டம்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. மலேசியப் பெண் இரட்டையர் எவரும் அதுவரை எட்டியிராத அரையிறுதியை எட்டினார்கள். அங்கே சீன இணையிடம் தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிய இணையிடம் தோற்றார்கள். நான்காம் இடம்! ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைவிட வேதனையான இடம் வேறு உண்டோ? கழுத்தில் ஒன்றுமில்லாமல் வீடு திரும்ப வேண்டும். பழியை மற்றவள் தலையில் போட்டுவிட்டுப் பிரிந்து செல்வது எளிது. அவர்கள் பிரியவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அதே பாரிஸ் நகரில், அதே அரங்கில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. அதில் இறுதி ஆட்டம் வரை சென்று வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். மலேசியப் பெண் இரட்டையர் உலக இறுதியில் ஆடியது அதுவே முதல் தடவை.

நம் நாட்டில் இந்தப் பாதையைத் திறந்தவர்கள் ஜ்வாலா கட்டாவும் அசுவினி பொன்னப்பாவும். 2010-இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்கள். 2011-இல் லண்டன் உலகச் சாம்பியன் போட்டியில் வெண்கலம். 1983-இல் பிரகாஷ் படுகோன் பெற்ற வெண்கலத்திற்குப் பின், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டாவது உலகப் பதக்கம் அது. அதைக் கொண்டுவந்தவர்கள் இரட்டையர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சாய்னா, சிந்து என்றால் சிறு குழந்தைக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். ஆனால் அசுவினியின் படத்தைக் காட்டிக் கேட்டால் எங்கள் வகுப்பில் பலரும் விழித்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த இணை மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றும், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் காலிறுதி வாய்ப்பை இழந்தது. அதற்குப் பின்னும் அசுவினி ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிஷா கிராஸ்டோ என்ற இளையவருடன் இணைந்து ஆடினார். வெற்றி கிட்டவில்லை. இதுவே என் கடைசி ஒலிம்பிக் என்று சொல்லி விடைபெற்றார்.

இந்தோனேசியாவின் கிரேசியா போலியின் கதை இன்னும் வியப்பானது. 2012 ஒலிம்பிக்கில், அடுத்த சுற்றில் எளிதான எதிரி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்க முயன்றதாக நான்கு இணைகள் வெளியேற்றப்பட்டன. அவற்றில் ஒன்றில் இருந்தவர் கிரேசியா. உலகமே பார்க்கத் தலைகுனிந்தார். பின்னர் அவருடைய இணைகள் மாறினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தம்மைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவரான அப்ரியானி ரஹாயுவுடன் நின்று தங்கம் வென்றார். தவறியவர் எழ முடியும் என்பதற்கும், இணை மாறினாலும் ஆட்டம் நின்றுவிடாது என்பதற்கும் அவர் வாழ்க்கையே சான்று.

இனிப் பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி அதுதானே! உலகப் போட்டித் தொடர்களுள் மிகப் பெரியவற்றில் மொத்தப் பரிசுப் பணத்தில் ஒற்றையர் வெற்றியாளருக்கு நூற்றுக்கு 7 பங்கு. இரட்டையர் இணைக்கு 7.4 பங்கு. அதை இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 3.7. பயிற்சி பாதியா? இல்லை. விமானக் கட்டணம் பாதியா? இல்லை. முழங்கால் வலிதான் பாதியா? வருமானம் மட்டுமே பாதி! எங்கள் மேடைமேல் நின்ற அந்த ஒற்றைக் கோப்பை நினைவுக்கு வருகிறதல்லவா?

இந்த ஆட்டத்தின் உண்மையான பெருமையைக் காண வெகுதூரம் போக வேண்டாம். பஸ் பயணத் தொலைவில் இருக்கும் மதுரையைச் சேர்ந்தவர் ஜெர்லின் அனிகா. பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவர். 2022 மே மாதம் பிரேசில் நாட்டில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். ஒற்றையரில் ஒன்று, குழுப் போட்டியில் ஒன்று, அபினவ் சர்மாவுடன் ஆடிய கலப்பு இரட்டையரில் ஒன்று. அதே ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார். எண்ணிப் பாருங்கள்! "என் பந்து!" என்று கூவ முடியாது, கூவினாலும் இணையின் காதில் விழாது. முதுகுக்குப் பின்னால் வரும் காலடி ஓசையும் இல்லை. அந்த நடுப்பந்தை யார் எடுப்பது என்பதைக் கண்ணாலும் நம்பிக்கையாலும் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். இரு காதுகளும் நன்றாகக் கேட்கும் நாம், பக்கத்தில் நிற்பவளின் மனத்தை எவ்வளவு கேட்கிறோம்?

இந்தக் கேள்வியோடு எங்கள் மைதானத்திற்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் இருவர் சேர்ந்து ஆடத் தொடங்கினார்கள். ஒருத்தியின் தாயார் பட்டாசு ஆபீசில் சரம் பின்னுபவர். மற்றவளின் தந்தை பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மாவட்டப் போட்டி வரை போனார்கள். பத்தாம் வகுப்பு வந்தது. "பெரிய பெண்ணாகிவிட்டாள், இனி எதற்கு ஆட்டம்?" என்று உறவினர் ஒருவர் சொன்னார். ஒருத்தி நின்றுவிட்டாள். மற்றவள் மூன்று மாலைகள் தனியாக வந்து சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் அவளும் வரவில்லை. அவளை யாரும் தடுக்கவில்லை. அவள் வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இதுதான் நாங்கள் சொல்ல வந்தது. ஒற்றையர் ஆடும் பெண்ணை நிறுத்தினால் ஒரு பெண்ணின் ஆட்டம் நிற்கும். இரட்டையர் ஆடும் பெண்ணை நிறுத்தினால் இரு பெண்களின் ஆட்டம் நிற்கும். ஒரு வீட்டின் முடிவு இன்னொரு வீட்டின் விளக்கையும் அணைத்துவிடுகிறது.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். கடைசிப் பஸ், இருட்டும் தெரு, அரசுத் தேர்வு, ஊர்வாய், இவை எல்லாம் உண்மையே. ஆடுபவர் எல்லாரும் தீனாவாகவோ ஜெர்லினாகவோ ஆகிவிட மாட்டார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் இந்த மண்ணின் கதையையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் பாட்டிமாரில் சிலர் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறித் "தீப்பெட்டி ஆபீசு"க்குப் போனவர்கள். விளையாட வேண்டிய வயதில் அவர்கள் விரல்கள் பெட்டி ஒட்டின. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தனை பேர் போராடி விடுவித்த கைகள் இவை. அவற்றில் புத்தகம் இருக்கட்டும். சிறிது நேரம் மட்டையும் இருக்கட்டுமே!

சிவகாசியின் பெருமையே ஓர் இரட்டையர் ஆட்டம்தான் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. நூறாண்டுகளுக்கு முன் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த இந்த வறண்ட பூமியில் தொழிலுக்கு வித்திட்டார்கள். போனவர் ஒருவர் அல்லர், இருவர். துணை இருந்தால் தொலைவு குறையும் என்பதை நம் ஊர் அன்றே கண்டிருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

பெற்றோரே! உங்கள் மகளை ஆட்டத்திலிருந்து நிறுத்த நினைத்தால், அதற்கு முன் அவளுடைய இணையின் பெற்றோரை ஒருமுறை சந்தித்துப் பேசுங்கள். ஒரு வீட்டுக்குத் தீராத சிக்கல் இரு வீட்டார் சேர்ந்தால் தீரலாம். பஸ்ஸுக்கு ஒரு நாள் நீங்கள் துணை வந்தால், மறுநாள் அவர்கள் வருவார்கள்.

அன்பிற்குரிய அருட்சகோதரிகளே, ஆசிரியப் பெருமக்களே! இரட்டையருக்கு இரண்டு கோப்பைகள் தாருங்கள். சிறியவையாக இருந்தாலும் போதும். மேலும், இருவராக மட்டும் பழக்காமல் நால்வராகச் சேர்த்து, மாற்றி மாற்றி இணை சேர்த்துப் பழக்குங்கள். ஒருத்தி விலக நேர்ந்தாலும் மற்றவள் சுவரோடு ஆடும் நிலை வராது.

தோழியரே! நமக்கும் ஒரு கடமை உண்டு. நின்றுவிட நேர்ந்தால் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். முதலில் உங்கள் இணையிடம் சொல்லுங்கள். சேர்ந்து அழுதாலும் சரி. சேர்ந்து வழி தேடினால் இன்னும் நன்று. நடுவில் விழும் பந்தை "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று விட்டுவிடுவது இந்த ஆட்டத்தின் முதல் தவறு என்று பார்த்தோமே! நட்பிலும் அது தவறே.

சுவரில் பந்தடித்த அந்தத் தோழி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற மாதம் பள்ளிக்கு வந்தவள், மைதானத்தின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தாள். "ஆட வருகிறீர்களா அக்கா?" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அன்று மாலை இருட்டும் வரை இருவரும் ஒரே பக்கம் நின்று ஆடினார்கள்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்