முதல் கார்: வேகமும் விவேகமும்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, கையில் 'பி' லைசென்ஸும் வந்துவிட்டால் நம் வீடுகளில் அடுத்த பேச்சு கார்தான். தோட்டத்து வீடானாலும் சரி, டாமான் வீடானாலும் சரி, இதில் பெரிய வேறுபாடு இல்லை. பையன் கண்ணில் படுவது தாழ்ந்து நிற்கும், அகன்ற டயர் போட்ட, சைலன்சர் உறுமும் பழைய 'ஸ்போர்ட்ஸ்' கார். அப்பா கண்ணில் படுவது விலை. அம்மாவின் கண்ணிலோ இரண்டும் படுவதில்லை. பிள்ளை இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்பும் என்பதுதான் அவர் கவலை. இம்முறை நம் பகுதியில் இந்த மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவோம்.

ஆசையில் தவறில்லை

பெற்றோர்களே, முதலில் உங்களுக்கு ஒரு வார்த்தை. சின்னதாய், துடிப்பாய் ஒரு கார் வேண்டுமென்று பிள்ளை கேட்டால் உடனே சீறி விழ வேண்டாம். 17 வயதில் லைசென்ஸ் எடுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. மேலும், கார் இல்லையென்றால் பிள்ளை ஏறப்போவது மோட்டார் சைக்கிள். நம் நாட்டில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாலை விபத்தில் ஆண்டுக்கு 6,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிள்ளையை நாலு சக்கரத்தில் ஏற்றிவிட நினைக்கும் தகப்பன் வீண் செலவு செய்வதாகச் சொல்ல மாட்டேன்.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சிறிய, எடை குறைந்த காரை, கையால் கியர் மாற்றி ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சுகத்துக்குப் பெரிய எஞ்சின் தேவையில்லை. செம்பனைத் தோட்டத்து வளைவுகளில் மணிக்கு 60 கிலோமீட்டரிலேயே அது கிடைக்கும். 90இல் போகும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. மாடு குறுக்கே வருவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஐந்தாறு கார்களின் நீளம் போயிருக்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே, எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்னால் எப்படி நிற்கிறது என்று கேளுங்கள்.

எந்தக் கார்?

இளைஞர்கள் வாயில் முதலில் வரும் பெயர் புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. 1998இல் வந்த இந்தக் காரின் எஞ்சின் 1.8 லிட்டர், ஏறத்தாழ 140 குதிரைத்திறன். சாலைப் பிடிப்பைச் சீர்செய்து கொடுத்தது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் மிக இளையதற்கே இன்று ஏறத்தாழ 20 வயது. இத்தனை ஆண்டுகளில் அது பல கைகள் மாறியிருக்கும். அந்தக் கைகள் எப்படிப்பட்டவை என்பதை எந்தப் பதிவு அட்டையும் சொல்லாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது, முன்பு ஓட்டியவரின் கால் பழக்கத்தையும் சேர்த்துத்தான் விலைக்கு வாங்குகிறோம். இன்று நன்றாகப் பேணப்பட்ட ஜி.டி.ஐ.யை ஆர்வலர்கள் தேடிப்பிடித்து நல்ல விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

அதற்கடுத்து வந்தது சத்ரியா நியோ. 2006இல் தொடங்கி 2015 வரை விற்றது. மூன்று கதவு, 1.3, 1.6 லிட்டர் எஞ்சின்கள். பின் இருக்கையில் இடம் குறைவு என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். புதிதாக ஓட்டும் பிள்ளைக்கு அது நல்லதே என்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட் 1.6 இன்னொன்று. ஓட்ட இனிமையானது; ஆனால் உதிரிப்பாகத்துக்கு உள்நாட்டுக் காரைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

என் கைவிரல் நீளுவது வேறு இரண்டின் பக்கம். ஒன்று, 2014இல் வந்த புரோட்டோன் ஐரிஸ். 1.3, 1.6 லிட்டர்; கை கியரிலும் கிடைக்கும். மற்றொன்று, 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி, 1.5 லிட்டர். இந்த இரண்டிலும், விலை குறைந்த வகையில்கூட, 'ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்' உண்டு. மழை ஈரத்தில் வளைவு திரும்பும்போது கார் வழுக்கினால், அந்தந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தானே பிடித்துக் காரை நேர் வழிக்குக் கொண்டுவரும் அமைப்பு இது. அனுபவம் இல்லாத கைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இரண்டுமே ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை.

அவ்வளவுக்குப் பணம் இல்லையா? 2011க்குப் பிந்திய இரண்டாம் தலைமுறை மைவி 1.5 இருக்கிறது. துடிப்பான எஞ்சின், மூலைக்கு மூலை உதிரிப்பாகம் கிடைக்கும். ஆனால் பழைய மைவிகளில் எல்லா வகைக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் காற்றுப்பையும் கிடையாது. இரண்டும் உள்ள வகையாகப் பார்த்து எடுங்கள். ஒட்டுப்படமும் அலங்கார ரிம்மும் உள்ள காரைவிட, சாதாரணமாய்த் தெரிந்தாலும் ஏ.பி.எஸ். உள்ள கார் மேல்.

பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முடுக்கியதும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பிபோல் படிந்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம்.

சாவியைத் திருப்பி, எஞ்சினை முடுக்குவதற்கு முன், காற்றுப்பை விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். எரிந்து பின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது. முன்பு நடந்த மோதலில் காற்றுப்பை வெடித்து, மாற்றாமலே மூடிவிட்டிருக்கவும் கூடும்.

பானெட்டைத் திறந்து, பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சாயம் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் தகடு கழற்றி மாட்டியது. பின்னால் உபரி டயருக்குக் கீழே வெல்டிங் தழும்பு இருந்தால் பின்புறம் இடிபட்ட கார். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். கடைசி அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய கார். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது நமக்குத் தெரியும். அவை எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை.

டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி ஓட்டியிருக்கலாம். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. புதுப் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கையில் இரண்டாவது, மூன்றாவது கியர்கள் கரகரவென்று விழுந்தால் முன்னவர் பந்தயம் ஓட்டியிருக்கிறார் என்று கொள்ளலாம். நாலாவது கியரில் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. சத்ரியா வகைகளுக்கு டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீதோடு கேளுங்கள். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் சில நூறு வெள்ளி சில ஆயிரம் வெள்ளியைக் காப்பாற்றும். புஸ்பாகோம் போன்ற சோதனை நிலையத்தின் அறிக்கையைக் காட்டினால் அதையும் பாருங்கள். ஆனால் அன்றைக்கு அந்தக் கார் சோதனையில் தேறியது என்பதற்கு மட்டுமே அது சான்று.

யார் பெயரில், எவ்வளவு?

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது பழைய காருக்குச் சரியாகப் பொருந்தும். தீபகற்ப மலேசியாவில் 1.5 லிட்டர் மைவிக்கும் 1.6 லிட்டர் ஐரிசுக்கும் சாலை வரி ஆண்டுக்கு 90 வெள்ளிதான். 1,834 சி.சி. கொண்ட சத்ரியா ஜி.டி.ஐ.க்கு 297 வெள்ளி. அது பெரிய தொகை இல்லை. கடிப்பது காப்புறுதி.

கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் கிடைக்கும் 'என்.சி.டி.' கழிவு, முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை ஏறும். அப்பாவுக்கு 55 இருக்கிறதே, பையன் காரையும் அவர் பெயரில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கழிவு அப்பா இப்போது ஓட்டும் காருக்கு உரியது. இரண்டாவது கார் சுழியத்தில்தான் தொடங்கும். ஓட்டுபவர் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோ 'பி' லைசென்ஸ் வைத்திருப்பவரோ ஆனால், விபத்துக் கோரிக்கையில் முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும். 15 ஆண்டைக் கடந்த காருக்கு முழுக் காப்புறுதி தரப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. எஞ்சினையோ சைலன்சரையோ மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், பிறகு கோரிக்கை மறுக்கப்படலாம். மாற்றிய எஞ்சினின் எண் பதிவு அட்டையில் ஏறியிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

18 வயது நிரம்பாத பிள்ளை கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. ஆகவே கடன் அப்பா பெயரில். சம்மனும் அப்பா பெயருக்கே வரும். இதை இருவரும் முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்வது நல்லது.

'சம்போங் பாயார்' பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். கடன் தீராத காரைச் சிறு தொகைக்குக் கைமாற்றி, 'மீதித் தவணையை நீங்கள் கட்டுங்கள்' என்பார்கள். வங்கியின் அனுமதியின்றி அப்படிச் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. நீங்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினாலும் கார் வேறொருவர் பெயரில்தான் இருக்கும். நாளை அவரே வந்து எடுத்துப் போனால் யாரிடம் முறையிடுவது? ஊழியர் சேமநிதியில் எடுத்த காசை அப்படித் தொலைத்தால், அதைத் திரும்பச் சேர்க்க இன்னொரு ஆயுள் வேண்டும்.

கையில் 15,000 வெள்ளி இருந்தால் 11,000 வெள்ளிக்குள் காரைத் தேடுங்கள். மீதி டயருக்கும், பிரேக்குக்கும், பெல்ட்டுக்கும், காப்புறுதிக்கும். மொத்தத்தையும் காரில் போட்டுவிட்டால், தேய்ந்த டயரோடு பிள்ளை மழையில் போகும்.

சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை

பின் இருக்கை குறுகலாக இருப்பது நல்லது என்றேன் அல்லவா? இளம் ஓட்டுநரோடு அதே வயது நண்பர்கள் எத்தனை பேர் கூட ஏறுகிறார்களோ, அத்தனைக்கு விபத்து வாய்ப்பும் ஏறுகிறது. ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. முதல் ஆறு மாதம் ஒரு நண்பருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வீட்டில் விதி வையுங்கள். நள்ளிரவுப் பயணம் வேண்டாம். பின்னால் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். 2009 முதல் அது சட்டமும்கூட.

தம்பி, இந்த விதிகளை அப்பா சொல்லும்வரை காத்திராமல் நீயே எழுதி அவர் கையில் கொடுத்துப் பார். பெட்ரோலுக்கும் டயருக்கும் உன் பகுதிநேர வேலைக் காசில் பாதி தருவதாகவும் அதில் எழுது. தன் காசில் வாங்கிய டயரை யாரும் வீதியில் வீணாகத் தேய்ப்பதில்லை.

பெற்றோர்களே, கார் வந்த பின் முதல் மழை நாளில் பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். அதட்ட வேண்டாம், அதிகம் பேசவும் வேண்டாம். பிரேக்கை எங்கே தொடுகிறான், முன் காருக்கு எவ்வளவு இடம் விடுகிறாள் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில், தனியே அனுப்பலாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.