தளத்தில் ஒரு திறப்பு வேண்டும்

தமிழில் பழுதை நீக்குகிறோம் என்பதைவிடப் பழுது பார்க்கிறோம் என்பதே பெருவழக்கு. வேலை பார்த்தல், வைத்தியம் பார்த்தல் ஆகிய தொடர்களைப் போலவே இங்கும் ‘பார்’ என்பது காணுதலைக் கடந்து, பொறுப்பேற்றுச் செய்வதைக் குறிக்கிறது. ஆயினும் பழைய படகொன்றின் எரிபொருள் தொட்டியைப் பொறுத்தவரை அச்சொல்லின் முதற்பொருளையும் கைவிடலாகாது. கண்ணுக்கு எட்டாத தொட்டியைப் பழுதுபார்க்க எவராலும் இயலாது.

அமெரிக்காவில் கட்டப்பட்ட பழைய ஃபைபர் உல்லாசப் படகுகள் பலவற்றில் அலுமினியத் தொட்டி தளத்துக்கு அடியில் புதைந்திருக்கும். அது அசையாதிருக்கச் சுற்றிலும் பாலியூரித்தேன் நுரையை ஊற்றி, மேலே பிளைவுட் வைத்து, கண்ணாடியிழையும் பிசினும் பூசி மூடிவிடுவர். காலப்போக்கில் திருகாணித் துளைகள் வழியே நீர் இறங்கும். பிளைவுட் மட்கும், நுரை உப்புநீரைத் தேக்கித் தொட்டியோடு ஒட்டிவைக்கும். அலுமினியத்துக்குக் காப்பு அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலமே. உப்பு அதைச் சிதைக்கும். காற்றுப் புகாத ஈரத்தில் அது மீண்டும் சரிவர உருவாவதில்லை. தொட்டியில் நுண்துளைகள் விழும். கசியும் பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் தங்கும். படகினுள் பொருத்திய பெட்ரோல் எஞ்சினை இயக்குமுன் 4 நிமிடம் காற்றூதியை ஓடவிடுமாறு எச்சரிக்கை ஒட்டப்படுவது இதனால்தான்.

தளத்தை அறுத்துத் தொட்டியை மாற்றிய பின், மீண்டும் இடைவெளியின்றி மூடிவிடுவதே வலிமை என்று வாதிடுவோர் உண்டு. திறப்பு வைத்தால் அதன் விளிம்பிலேயே நீர் புகும் என்பது அவர்களது அச்சம். அச்சம் நியாயமானது, முடிவு பிழையானது. திறப்பின் விளிம்பிலுள்ள மரத்தை நீக்கிக் கெட்டிப் பிசினால் நிரப்பி, அடியில் சட்டம் தாங்கி, ரப்பர் பட்டையிட்டு, போல்ட்டால் இறுக்கலாம். அங்கே கசிந்தாலும் அது தெரியும். மூடிய தளத்தின் கசிவோ தொட்டி ஓட்டையான பின்னரே தெரியவரும்.

கைநுழையும் சிறு துளையும் போதாது. நீர் தேங்குவது தொட்டியின் அடிப்புறத்தில். ஆகவே தொட்டி முழுவதையும் வெளியே தூக்குமளவு திறப்பு வேண்டும். அடியில் நீர் உறிஞ்சாத பட்டைகளை ஒட்டி, காற்றோட்டமும் விட வேண்டும்.

இந்தியக் கரைகளில் வெளிப்பொருத்து எஞ்சினோடு செல்லும் மீன்பிடி ஃபைபர் படகுகளில் எரிபொருள் கேன் பெரும்பாலும் கண்முன்னேயே இருக்கிறது. கசிந்தால் மீனவர் அதை உடனே காண்கிறார், தூக்கி மாற்றுகிறார். எளிய அந்த ஏற்பாட்டில் உள்ள அறிவு, மெருகிட்ட தளங்களில் தொலைந்துவிட்டது.

சென்னை, கரக்பூர் ஐஐடிகளிலும் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் கப்பல் வடிவமைப்புப் பயிலும் மாணவரிடம், கலம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்பது இயல்பு. இருபது ஆண்டுக்குப் பின் இதை எவர், எவ்வழியாகத் திறப்பார் என்ற வினாவும் அதே மதிப்பெண்ணோடு கேட்கப்பட வேண்டும்.