லிட்டில் மாஸ்டரும் ஒரு வங்கி அதிகாரியின் மனசாட்சியும்

வருஷா வருஷம் அக்டோபர் 31 வருகிற வாரத்தில் எங்கள் வங்கிகளில் ஊழல் ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் கொண்டாடுவார்கள். (ஆமாம், அதற்கும் ஒரு வாரம் உண்டு.) கிளையில் எல்லாரையும் நிற்க வைத்து, கையை நீட்டி, நேர்மை உறுதிமொழி வாசிக்க வேண்டும். போன தடவை வாசித்தது அடியேன். இந்தியில். என் திருச்சி இந்தி மேல் நம்பிக்கை இல்லாததால் முந்தின ராத்திரி முழுக்க வீட்டில் ஒத்திகை வேறு.

மறுநாள் சாயங்காலம் மயூர் விஹார் வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் தெரிந்த பாட்டு. மேரியோ! கொஞ்சம் அவசரமாக ஓடுகிற மாதிரி இருந்தது, ஆனால் மேரியோதான். ஏழாங்கிளாஸ் பையன் தங்கமணியின் ஐபோனில் மூழ்கியிருந்தான்.

"ஏதுடா இது?"

"எமுலேட்டர்ப்பா. ஃப்ரீ."

"கேம்?"

"அதுவும் நெட்ல ஃப்ரீயா கிடைச்சுது." ஒரு நிமிஷம் யோசித்தான். "ஏம்ப்பா, இது திருட்டா? நேத்து நீ ஏதோ உறுதிமொழி படிச்சியே..."

பதில் சொல்ல இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. 1993 கோடை விடுமுறை. அப்பா போனஸ் பணத்தில் லிட்டில் மாஸ்டர் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். டயனோரா டிவியின் பின்பக்கம் ஒயரைச் சொருகி, சேனல் தேடி, புள்ளிப் புள்ளியாய் மழைக்கு நடுவே மேரியோ தெரிந்ததும் நானும் அண்ணாவும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டார். கேசட் வேலை செய்யாவிட்டால் வெளியே எடுத்து வாயால் ஊதுவோம். "64 இன் 1" என்று போட்டிருக்கும். உள்ளே பத்து ஆட்டமே பேர் மாறி மாறி வரும். அதைக் கண்டுபிடித்த அன்றுதான் எனக்குள் ஒரு ஆடிட்டர் பிறந்தான் என்று நினைக்கிறேன்.

எமுலேட்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 1983ல் ஜப்பானில் வந்தது. உள்ளே 2 கிலோபைட் நினைவகமும் ஒரு சின்ன பிராசசரும். அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இன்றைய போனை நடிக்க வைக்கிற மென்பொருள்தான் எமுலேட்டர். ஆட்டம் தனிக் கோப்பு. அதை 'ராம்' என்பார்கள். டேப் ரெக்கார்டர் வேறு, கேசட் வேறு இல்லையா, அந்த மாதிரி. டேப் ரெக்கார்டர் செய்வது குற்றமில்லை. கேசட்டைக் காப்பி அடிப்பதில்தான் வில்லங்கம். (அந்தக் காலத்தில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட் பதிவு பண்ணாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.)

நான் சொல்லவில்லை, நீதிமன்றமே சொன்னது. பிளேஸ்டேஷன் ஆட்டங்களை மேக் கணினியில் ஓட்டும் மென்பொருளைக் கனெக்டிக்ஸ் கம்பெனி 1999ல் கொண்டுவந்தது. சோனி வழக்குப் போட்டது. 2000ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அதே சோனி 2018ல் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று சின்னப் பெட்டி விற்றபோது உள்ளே வைத்தது ஆர்வலர்கள் இலவசமாக எழுதிக் கொடுத்த எமுலேட்டரை! ஆப்பிளும் பல வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்து 2024 ஏப்ரலில் திறந்துவிட்டது. அப்படித்தான் தங்கமணி போனுக்குள் மேரியோ வந்தார்.

ஆக எமுலேட்டர் பாஸ். கோப்பு?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52ஐ எடுத்துப் படித்தேன். முறைப்படி வாங்கிய மென்பொருளை, வியாபாரத்துக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். அப்பாடா, அதான் 1993லேயே காசு கொடுத்தாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் நிமிர முடியவில்லை. லிட்டில் மாஸ்டரே ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். 1985ல் அமெரிக்கா போன மாடலில் பூட்டுச் சில்லு உண்டு. ஜப்பான் மாடலில் கிடையாது. நகலெடுக்க வசதி. நம் '64 இன் 1' கேசட் நிண்டெண்டோவுக்குக் காலணா கொடுக்காத சரக்கு. கடைசி வரை ஓசிப் பேனா கூட வீட்டுக்குக் கொண்டு வராத அப்பா, போனஸ் பணத்தில் திருட்டுச் சரக்கு வாங்கியிருக்கிறார், தெரியாமலே.

சரி, இப்போதாவது முறைப்படி வாங்குவோம் என்று கிளம்பினேன். கான்ட்ரா சுலபம். 2019ல் கொனாமி பழைய கான்ட்ராக்களைத் தொகுத்து வெளியிட்டது, கணினிக்கு வாங்கிவிட்டேன். மேரியோதான் பாடாய்ப் படுத்தினார். நிண்டெண்டோ பழைய ஆட்டங்களை ஸ்விட்ச் சந்தாவில் தருகிறது, ஆனால் 2017ல் வந்த அந்த ஸ்விட்சை இந்தியாவில் நேரடியாக விற்க வரவில்லை. பாலிகா பஜாருக்கும் போனேன். (அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் 2021க்கான போலிச் சரக்குச் சந்தைகள் பட்டியலில் இடம்பிடித்த அதே பாலிகாதான்.) ஒரு கடையில் '400 இன் 1' கையடக்கப் பெட்டியை நீட்டினார்கள். பில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. காசை நீட்டுகிறவனிடம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எடுத்து ஆடினால் திருடன். அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் கணக்கெடுத்தது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தர அனுமதி கேட்டதற்கு 2024ல் அங்கே மறுத்துவிட்டார்கள். அந்த ஆட்டங்கள் அழியாமல் இருப்பது யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் சட்டத்தை மீறி நகலெடுத்து வைத்ததால்தான்.

நம் சட்டத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. பிரிவு 31. வெளிவந்த படைப்பை மறுபடி வெளியிட உரிமையாளர் மறுத்து, அதனால் அது மக்களுக்குக் கிடைக்காமல் போனால், கட்டாய உரிமம் கேட்கலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் படைப்புக்கும் இது பொருந்தும். ஆனால் ஏழாங்கிளாஸ் பையன் வக்கீல் வைத்து வழக்காட முடியுமா? நான் கேட்பது சின்ன விஷயம். இத்தனை வருஷம் இந்த நாட்டில் ஒரு ஆட்டத்தை விற்கவில்லை என்றால், வீட்டுக்குள் ஆடுகிறவனைச் சட்டம் விட்டுவிட வேண்டும். மறுபடி விற்பனைக்கு வந்த அன்று அந்தச் சலுகை போய்விடட்டும். விற்பனையில் இருப்பதை ஓசியில் இறக்குகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பையனிடம் அப்படியே சொன்னேன். "இன்னிக்குச் சட்டப்படி தப்புதாண்டா. சட்டம் மாறணும்னு நான் நினைக்கிறேன், ஆனா மாறலை." ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடுவதாக ஒப்பந்தம்.

அதற்குள் ஒரு தப்புப் பண்ணினேன். பாட்டு ஏன் அவசரமாக ஓடுகிறது என்று மண்டை குடைந்தது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டி விநாடிக்கு 60 படம் காட்டும். நம் ஊர் டிவி 50 படக் கணக்கு. அதற்காகச் செய்த நகல் பெட்டியில் மேரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவார், பாட்டும்தான். கோப்பை லேப்டாப்புக்கு மாற்றினேன் (இன்னொரு நகல்!). மெசென் எமுலேட்டரில் 'டெண்டி' என்று ஒரு அமைப்பு. ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பேர். அதைப் போட்டதும் அசல் திருச்சி வேகம். பையனுக்கு ஒரே சலிப்பு, "ஸ்லோவா இருக்குப்பா" என்று எழுந்து போய்விட்டான். நான் பத்தரை வரை ஆடினேன்.

பாட்டைப் பதிவு செய்து மெல்போர்ன் அண்ணாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, கதையையும் சொன்னேன். ராத்திரி பதில் வந்திருந்தது. "இதேதாண்டா அந்த வேகம். அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு அனுப்பிடு."

இன்றைக்கு சனிக்கிழமை. அண்ணாவுக்கு இன்னும் பதில் போடவில்லை.