கெசட் பெட்டியைத் தூக்கி எறியுமுன்…



சென்ற மாதம் சூரங்கலில் மாமா வீட்டைத் துப்புரவு செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பதினொரு கெசட். அதில் நான்கு, தொண்ணூறுகளில் வாப்பா சவூதியிலிருந்து பேசி அனுப்பியவை. இன்று நாற்பது வயதைத் தொடுகிறவர்களுக்கு இது நினைவிருக்கும். ஊருக்கு வருகிறவர் கையில் கெசட்டைக் கொடுத்து விடுவார்கள். பிள்ளைகளைச் சுற்றி இருத்தி வைத்து உம்மா போட்டுக் காட்டுவா. நம்மில் பலருக்கு வாப்பாவின் முகத்தை விடக் குரல்தான் பழக்கம்.

வீட்டில் இருந்த மற்றக் கெசட்டுகளை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டு போனது. மாமா கேட்பதற்கு எடுத்துப் போனதால் இவை தப்பின.

இவற்றைக் கம்பியூட்டரில் ஏற்றி, வீட்டில் எல்லோரும் தங்கள் போனில் கேட்கும்படி வைப்போம் என்று நினைத்துக் கடையொன்றில் விசாரித்தோம். "டீச்சர், இதுக்குத் தனியா சேர்வர் வேணும். புது புரொசசர், 16 ஜீபி ரேம்" என்றார்கள். சொன்ன விலை எங்கள் மூன்று மாதச் சம்பளம். வந்து தேடி வாசித்தோம். எங்கள் கருத்து இதுதான்: அது வேண்டவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். சீடி தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் இடம் போதும். 90 நிமிடக் கெசட் நூறு இருந்தாலும் மொத்தம் 150 மணி நேரம், 95 ஜீபிதான். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் முறையில் வைத்தால் அதில் பாதியளவு. ஒலியை அனுப்ப வினாடிக்கு 1.4 மெகாபிட் போதும். வீட்டிலுள்ள சாதாரண றவுட்டர் அதைப்போல் பல மடங்கு தாங்கும். பலமான புரொசசர் வீடியோ வேலைக்குத்தான் தேவை.

பார்க்க வேண்டியது கரண்ட் பில்லை. பழைய டெஸ்க்டொப் ஒன்று 80 வொட் எடுத்தால், இரவு பகலாக ஓடும்போது மாதம் 57 யூனிட்டுக்கு மேல். நமது பில் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். பழைய லெப்டொப் 15 வொட் எடுத்தால் மாதம் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்பியூட்டர் 5 வொட்டில் ஓடும். மாதம் 4 யூனிட்டும் வராது.

அப்படியானால் ராஸ்பெரி பைதானே நல்லது என்று கேட்பீர்கள். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதன் மெமரி கார்ட் பழுதாகலாம். லெப்டொப்புக்கு பற்றரி உண்டு. ஆகவே எங்கள் தெரிவு, அலுமாரிக்குள் சும்மா கிடந்த பழைய லெப்டொப். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் பற்றரி வீங்கியிருந்தால் உடனே கழற்றி விடுங்கள், அது ஆபத்து. நவிட்ரோம், ஜெலிஃபின் இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒன்றைப் போட்டால் போதும். வீட்டு வைபைக்குள்ளேயே ஓடுவதால் டேட்டா செலவாகாது.

மிச்சப்படும் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. நன்றாக ஓடும் ஒரு கெசட் பிளேயர், ஒலியை யூஎஸ்பி வழியாக எடுக்கும் சின்னக் கருவி, இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒரு டிஸ்க் உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில் உறவினர் வீட்டில். சுனாமி நமக்குச் சொல்லித் தந்த பாடம் இது.

கெசட்டைப் போடுமுன் அதன் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்து விடுங்கள், தவறுதலாக அழியாது. நாடாவில் பூஞ்சணம் இருந்தால் ஓட்ட வேண்டாம். நமது கடற்காற்றில் அதுதான் முதல் எதிரி.

"வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?" என்று ஒரு மச்சான் கேட்டார். போன் மாறினால் அது போய்விடலாம். அதோடு அந்தக் கெசட்டுகளில் கடன், கோபம், அழுகை எல்லாம் இருக்கின்றன. அவை குடும்பத்தின் அமானிதம். யூடியூப்பில் போடும் பொருளல்ல. வீட்டுக்குள்ளே இயங்கும் கம்பியூட்டரை நாங்கள் விரும்புவது இதனால்தான்.

ஆனால் பொல்லடிப் பாட்டு, மூத்தம்மாமார் சொன்ன கவி, தாலாட்டு போன்றவை ஊரின் சொத்து. அப்படியான கெசட் இருந்தால், உரியவர்களின் சம்மதத்தோடு நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஒரு பிரதி கொடுப்போம். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வரும் அவர்கள் ஒலிப்பதிவுகளையும் பேணுகிறார்கள்.

வாப்பா மௌத்தாகி ஆறு வருடங்கள். போன வெள்ளிக்கிழமை அவரது குரலைப் பேரப்பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டார்கள். "மழை பேஞ்சா வீட்டுக்குள்ள ஒழுகுதா?" என்று உம்மாவிடம் கேட்கிறார். உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டா.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கலாம். இந்தப் பெருநாள் துப்புரவில் அதை எறிந்து விடாதீர்கள். லெப்டொப்பில் ஏற்றத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். சேர்ந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ்.