ஆழம் யார் கையில் இருக்கிறது?

“நடவு ஆழம் 10 செ.மீ. அளவில் பேணப்பட்டது.” உருளைக்கிழங்கு நடவு இயந்திரம் பற்றிய ஆய்வேடுகளின் செய்முறை அத்தியாயத்தில் இப்படியொரு வாக்கியத்தை அடிக்கடி காணலாம். என் ஆய்வேட்டின் முதல் வரைவிலும் இருந்தது. பேணியவர் யார், எதைக்கொண்டு பேணினார் என்ற விவரம் அதில் இல்லை. செயப்பாட்டு வினை நமக்கு வழங்கும் வசதி அது.

ஜலந்தரில் அக்டோபர் என்பது நெல் வயல் உருளைக்கிழங்கு வயலாக மாறும் மாதம். இங்கு விளையும் விதைக்கிழங்கு பிற மாநிலங்களுக்கும் செல்கிறது. ஆகவே, நடவில் நேரும் பிழை இந்த வயலோடு முடிவதில்லை. என் சோதனை வயலில் இரண்டு வரிசை இயந்திரம் ஓடியது. காலையில் ஓர் ஓட்டுநர், பிற்பகலில் வேறொருவர். மறுநாள் பார்களைக் கிளறி அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பிற்பகல் நட்ட பகுதியில் ஆழம் ஓரளவு சீராக இருந்தது. காலைப் பகுதியிலோ சில கிழங்குகள் மேல்மண்ணுக்கு அருகிலேயே கிடந்தன. இடையிடையே கிழங்கே விழாத வெற்றிடங்கள். அதே இயந்திரம், அதே மண், அதே விதை. கிழங்கை எடுத்துச்செல்லும் கிண்ணங்களின் அளவைக் குற்றம் சொல்லி இரண்டு நாள்களை வீணாக்கினேன். பீகாரிலிருந்து வந்து பல ஆண்டுகளாக இப்பகுதியில் டிராக்டர் ஓட்டும் அந்தப் பிற்பகல் ஓட்டுநர்தான், ஹைட்ராலிக் லீவர் எந்த இடத்தில் இருந்தது என்று காலையில் ஓட்டியவரைக் கேட்டீர்களா என்றார். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

நம் டிராக்டர்களின் ஹைட்ராலிக் அமைப்பில் பெரும்பாலும் இரண்டு வகைக் கட்டுப்பாடுகள் உண்டு. நிலைக் கட்டுப்பாடு, லீவர் காட்டும் உயரத்தில் தூக்கு கரங்களை நிறுத்துகிறது. இழுவிசைக் கட்டுப்பாடு, கருவியை இழுக்கும் விசை கூடும்போது அதைத் தானாகவே சற்று உயர்த்திவிடுகிறது. ஹாரி ஃபெர்குசன் 1920களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களால் அவர் பெயர் தமிழ் உழவர்களுக்கும் பழக்கமானதே. அவர் முன்னே இருந்தது கலப்பை. கலப்பை கடின மண்ணில் சிக்கும்போது சற்று மேலெழுவதால் டிராக்டர் தப்பிக்கிறது. உழவு ஆழத்தில் ஒன்றிரண்டு அங்குலம் குறைந்தாலும் பெரிய கேடில்லை.

கலப்பைக்கு நன்மை செய்யும் அந்த ஏற்பாடு நடவு இயந்திரத்துக்குப் பொருந்தாது. முந்தைய அறுவடையில் சக்கரம் ஏறி இறுகிய தடத்தை அடைந்ததும் இயந்திரம் உயர்கிறது. அங்கே விழும் கிழங்குக்கு மண் போர்வை குறைகிறது. அதன் மகசூல் வெயில் பட்டுப் பச்சையாகும், சோலனைன் கூடும், வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். வெற்றிடங்களுக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. விதைத் தொட்டியிலிருந்து கிழங்கை எடுக்கும் சங்கிலியை என் இயந்திரத்தில் சுழற்றுவது தரைச்சக்கரம். இயந்திரம் சற்று உயர்ந்தால் அச்சக்கரம் மண்ணில் பிடிப்பிழந்து வழுக்கும். டிராக்டர் நகரும், சங்கிலி நகராது. ஆழ அளவுச் சக்கரங்கள் உள்ள இயந்திரமாயின், நடும்போது லீவரை முழுவதும் இறக்கிவிட்டு, ஆழத்தை அச்சக்கரங்களிடமே ஒப்படைக்க வேண்டும். அவை இல்லாத இயந்திரத்தில் நிலைக் கட்டுப்பாட்டில் ஓரிடத்தைத் தேர்ந்து, லீவரின் நிறுத்துமுனையை அங்கே இறுக்கி, ஒவ்வொரு சாலிலும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். காலை ஓட்டுநர் முதல் நாள்வரை கலப்பை ஓட்டியவர். இழுவிசைக் கட்டுப்பாட்டை மாற்றாமலே வந்திருக்கிறார். அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

வரப்போரத்தில் திரும்பும் இடத்தில் இன்னொன்று நடக்கிறது. டிராக்டரை நிறுத்திவிட்டு இயந்திரத்தை இறக்கினால் கொழுவின் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். அடைப்பு விலகும்வரை அந்தச் சால் வெறுஞ்சால். மெல்ல முன்னே நகர்ந்தபடியே இறக்க வேண்டும். திரும்புவதற்குமுன் தூக்கிவிட வேண்டும். இறக்கிய நிலையில் பின்னோக்கி வரவே கூடாது. நாமோ அளவெடுக்கும்போது எல்லை விளைவைத் தவிர்க்க வரப்போரப் பகுதியை விலக்கிவிடுகிறோம். பிழை நம் அட்டவணையிலிருந்து மறைகிறது, உழவரின் வயலிலிருந்து மறைவதில்லை.

ஓட்டுநர்களிடையேயான வேறுபாடு தற்செயல் பிழைதானே, சமவாய்ப்பு முறையில் அது கரைந்துவிடும் என்று துறை நண்பர் ஒருவர் வாதிட்டார். காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் ஓட்டும்போது அது கரைவதில்லை, தொகுதியோடு ஒட்டிக்கொள்கிறது. கரைந்தாலும்கூட என் மறுப்பு நீங்காது. கிண்ணத்தின் வடிவத்தை மில்லிமீட்டரில் பரிந்துரைக்கும் நாம், லீவரை எங்கே வைப்பது என்பதை உழவருக்குச் சொல்லாமல் விடுகிறோம். புத்னி போன்ற சோதனை நிலையங்களில் டிராக்டரின் தூக்குதிறன் அளக்கப்படுகிறது. அது தேவையான அளவீடு. ஆனால், எவ்வளவு தூக்கும் என்பதை அறிந்தவருக்கு எப்படி இறக்குவது என்பதும் தெரிந்திருக்கும் என்று நாமாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இறக்கும் வேகம் பயிருக்கு மட்டும் உரிய செய்தியன்று. அரைத்தானியங்கி இயந்திரங்களின் பின்னிருக்கையில் அமர்ந்து, கையால் கிழங்கிடுபவர்கள் இருக்கிறார்கள். திருப்பத்தில் அவர்களையும் சேர்த்துத் தூக்கி, அவர்களையும் சேர்த்தே படீரென இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். இறக்கும் வேகத்தைத் தணிக்கும் திருகு பல டிராக்டர்களில் இருக்கையின் கீழேயே இருக்கிறது. தூக்குமுன் அவர்களை இறங்கச் சொல்வதற்கோ திருகுகூட வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒன்று. அடைத்த மண்ணை எடுப்பதற்காக, தூக்கி நிறுத்திய இயந்திரத்தின் கீழே நானும் தலையை நுழைத்திருக்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டால் பாதுகாப்பு என்ற நினைப்பு தவறு. எண்ணெய் கசிந்தால் கரங்கள் தாமே தாழும். எஞ்சின் ஓடாதபோதும் யாரேனும் லீவரைத் தட்டினால் இயந்திரம் தன் எடையிலேயே கீழே வரும். உறுதியான முட்டுக் கொடுக்காமல் அதன் கீழே செல்லாதீர்கள். குழாயில் கசிவைத் தேடும்போது விரலை வைக்காதீர்கள், அட்டைத்துண்டை வையுங்கள். உயரழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

என் திருத்திய வரைவில் அந்த ஒரு வாக்கியம் இப்போது ஆறு வரிகளாகியிருக்கிறது: எந்தக் கட்டுப்பாடு, லீவர் நின்ற இடம், மேல் இணைப்புக் கம்பியின் நீளம், இறக்கும்போது டிராக்டர் நகர்ந்ததா, எந்தத் தொகுதியை எந்த ஓட்டுநர் நட்டார், அவருக்கு அந்த இயந்திரத்தில் எத்தனை ஆண்டுப் பழக்கம். நெறியாளர் ஓரத்தில் “இவ்வளவும் தேவையா?” என்று பென்சிலால் கேட்டிருக்கிறார். காலைத் தொகுதியின் ஆழ அட்டவணையை இணைத்து, தேவை என்று நேற்று பதில் அனுப்பினேன்.