கரும்பச்சைச் சுவரும் பகலில் எரியும் விளக்கும்

புதுமனைக்கு வண்ணம் பூசும் வேளையில் வீட்டாரிடையே சச்சரவு எழுவது புதிதல்ல. முன்பெல்லாம் அது வெள்ளையா, இளநீலமா என்பதோடு நின்றுவிடும். இன்று நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கங்களில் இளையவர்கள் கேட்பது பாசி படிந்த கல்லின் நிறம். பளபளப்பில்லாத, மங்கலான கரும்பச்சை. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இந்த வழக்கில் பெரியவர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கைபேசியில் வரும் படங்களில் அந்த நிறம் கண்ணைப் பறிப்பது உண்மை. ஆனால் அந்த வீடுகளின் சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேற்பட்டவை, வெளியே மரமில்லை, போதாததற்கு மூலைக்கு மூலை விளக்கு. இங்கேயோ வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் ரப்பரும். இடவப்பாதியில் ஒரு மழை, துலாத்தில் மற்றொரு மழை. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் போயின. மழையும் மரநிழலும் இருபுறமும் ஒன்றாகவே இருக்கின்றன. இலைகளின் ஊடே வரும் வெளிச்சம் ஏற்கெனவே பச்சை கலந்தது. அது கரும்பச்சைச் சுவரில் பட்டால் அறையில் உட்கார்ந்திருப்பவர் முகம் நோயாளியின் முகம்போல் வெளிறித் தெரியும்.

வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பித் தரும். கரும்பச்சை பத்துப் பதினைந்து பங்கு தந்தாலே பெரிது. மழைக்காலத்துப் பிற்பகல் மூன்று மணிக்கே டியூப் லைட்டைப் போட வேண்டிவரும். படிக்கும் பிள்ளைக்கும், கண்புரை வந்த பாட்டிக்கும் இது சின்ன விஷயமில்லை.

பாலராமபுரத்து நெசவாளர் தெருக்களை எண்ணிப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராமவர்மா மகாராஜா காலத்தில், தமிழ் பேசும் சாலியர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். குழித்தறி இருப்பது வீட்டுக்குள்ளேயே. வெளிர்நிறப் பாவில் ஓர் இழை அறுந்தால் கண் உடனே பிடிக்க வேண்டும். தறி ஓடும் அறைக்குக் கரும்பச்சை பூசுவது கூலியைக் குறைத்துக்கொள்வதற்குச் சமம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். வெள்ளைச் சுவரில் பூசணம் பிடித்தால் முதல் கரும்புள்ளியிலேயே தெரிந்துவிடும். ஓடு நழுவியதா, குழாய் கசிகிறதா என்று பார்க்கலாம். கரும்பச்சையில் அது மறைந்தே வளரும். நெடி அடிக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் குழந்தைக்கு இழுப்பு வந்திருக்கும். பழைய சுண்ணாம்பின் காரம் பூசணத்தை எளிதில் அண்டவிடாது. ஆண்டுதோறும் அடிக்கிற வேலை இருந்ததே, அதுதான் அதன் குறை.

அக்காலத்தில் கரும்பச்சை கதவிலும் சன்னல் கம்பியிலும் நின்று, சுவருக்கு வராததற்கு ஒரு காரணம் உண்டு. குரோம் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்த பச்சை, சுண்ணாம்பின் காரத்தில் நிறம் கெட்டுவிடும். எண்ணெய் பெயின்ட்டாக மரத்தில் பூசினால் நிலைக்கும். அந்தக் குரோம் மஞ்சளில் ஈயம் உண்டு என்பதைப் பழைய கதவைச் சுரண்டுவோர் நினைவில் வைக்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய பச்சையை உலர்ந்த உப்புக்காகிதத்தால் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது கூடாது. நனைத்துத் தேய்த்து, துடைத்த துணியையும் அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகள் அன்றைக்கு அடுத்த வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்னதால் பச்சையே ஆகாது என்று பொருளில்லை. நெடுஞ்சாலையோரம் மரமின்றி நிற்கும் வார்ப்பு வீட்டில், மேற்கு வெயில் நேராக விழும் முன்னறையின் ஒரு சுவருக்கு அது இதமானதுதான். கண் கூசுவதைக் குறைக்க, சான்பிரான்சிஸ்கோவில் ஓர் அறுவை மருத்துவர் 1914-லேயே அறுவைக் கூடத்தைப் பச்சையாக்கினார். சிவப்பு ஆக்சைடு தளமுள்ள பழைய வீடுகளில் பச்சைக் கதவு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! சுவரில் ஆசை விடவில்லையென்றால் கீழே மூன்றடிக்கு மட்டும் கரும்பச்சை, மேலே வெள்ளை. கை அழுக்கும் தெரியாது, வெளிச்சமும் போகாது.

கடையில் காட்டும் விரல் அகல அட்டையை நம்பி நான்கு சுவருக்கும் வாங்கிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. மூன்றடிப் பலகை ஒன்றில் பூசி, வீட்டின் இருண்ட மூலையில் சாத்தி வைத்து, மழை பெய்யும் நாளில் காலையிலும் மாலை நான்கு மணிக்கும் விளக்குப் போடாமல் வீட்டார் எல்லோரும் பார்க்கட்டும். பாட்டியையும் கூப்பிட்டுக் காட்டிய பிறகு கடைக்குப் போகலாம்.