கேம்பிரிட்ஜில் சந்திரசேகரும் பயந்தார்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி அறிவியல் கழகக் கூட்டத்துக்கு முன்னாள் மாணவி ஒருவரைப் பேச அழைத்திருந்தேன். ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்று, பொறியியல் படிக்க வெளிநாடு சென்றவர். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். "தம்பி தங்கைகளுக்கு ஊக்கமா நாலு வார்த்தை பேசும்மா" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் பேசினார். பெரிய நூலகம், பனிக்காலம், பல நாட்டு நண்பர்கள் என்று அழகாகச் சொன்னார். மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, நள்ளிரவில் புலனத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "டீச்சர், அன்னைக்கு நான் பேசினதுல பாதி பொய். முதல் வருஷத்துல ரெண்டு பாடம் ஃபெயில். வீட்டுக்கு இன்னும் தெரியாது. இப்ப வகுப்புக்குப் போகவே பயமா இருக்கு."

படித்ததும் எனக்கு அவர்மீது வருத்தம் வரவில்லை. என்மீதுதான் வந்தது. வெற்றிக் கதையை மட்டும் கேட்டவள் நான். கேட்டதை அவர் கொடுத்தார், அவ்வளவுதான். நம் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறது என்றால் கோயிலில் அர்ச்சனை நடக்கும். விமான நிலையம் வரை இரண்டு வேன் நிறைய உறவினர் போவார்கள். அதன் பிறகு எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "நல்லா படிக்கிறியா?" அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்பதைத் தவிர வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கு இதை இப்போதே சொல்ல விரும்புகிறேன். உங்களில் சிலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு நாட்டுக்கோ, சபா சரவாக்குக்கோ படிக்கப் போவீர்கள். அங்கே முதல் செமஸ்டரில் ஒரு பயம் வரும். அந்தப் பயம் நீங்கள் திறமையற்றவர் என்பதற்கான சான்று அல்ல. புதிய இடத்தில் உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி அது. மறைத்தால் வளரும், சொன்னால் குறையும்.

பம்பாயில் கப்பலேறிய மாணவர்

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், அரசாங்க உபகாரச் சம்பளத்தோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யப் பம்பாயில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. கப்பலில் அவர் சும்மா இருக்கவில்லை. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன் எவ்வளவு நிறை வரை தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் 'சந்திரசேகர் வரம்பு'. சூரியனின் நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் அந்த விண்மீன் வெண்குறு விண்மீனாக நிலைத்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட மாணவர் கேம்பிரிட்ஜ் போனதும் என்ன ஆனது? தன்னம்பிக்கை கரைந்துபோனது. சென்னையில் அவர் கல்லூரியே கொண்டாடிய மாணவர். படிக்கும்போதே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். கேம்பிரிட்ஜிலோ டிராக், எடிங்டன், தம் வழிகாட்டியான ஃபௌலர் என்று திரும்பிய பக்கமெல்லாம் மேதைகள். அவர்கள் நடுவில் தாம் ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. குளிர் ஒரு பக்கம், சைவ உணவுக்குத் திண்டாட்டம் ஒரு பக்கம். நெருங்கிப் பழக நண்பர்களும் குறைவு. கப்பலில் போட்ட கணக்கின் அருமையை அங்கே யாரும் உடனே உணரவில்லை.

போதாக்குறைக்கு, அவர் போய்ச் சேர்ந்த அதே ஆண்டில் அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று நம்மைச் சொல்வார்கள். அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக்குள்ளேயே ஒரு நோபல் பரிசாளர்!

1931 மே மாதத்தில் அவருடைய தாயார் சென்னையில் காலமானார். நோயில் படுத்திருந்தபோதும் மகன் போய்ப் படிக்கத்தான் வேண்டும் என்று அனுப்பிவைத்தவர் அவர். மகனால் இறுதிச் சடங்குக்குக்கூட வர முடியவில்லை.

இந்தக் காலத்தில் எடுத்த துறையே சரிதானா என்ற குழப்பம் சந்திரசேகருக்கு வந்தது. அதை அவர் மனத்துக்குள் பூட்டிவைக்கவில்லை, டிராக்கிடம் சொன்னார். அதிகம் பேசாதவர் என்று பெயரெடுத்த டிராக், கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் இருந்துவிட்டு வரும்படி யோசனை சொன்னார். அங்கே தம் வயதுடைய பல நாட்டு ஆய்வாளர்களோடு சந்திரசேகர் பழகினார். அங்கும் எல்லாமே வெற்றியாக அமையவில்லை. எழுதிய கட்டுரை ஒன்றில் பிழை இருந்ததால் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆனால் தனிமை விலகிவிட்டது.

1933ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். தமக்குக் கிடைக்காது என்றே முடிவு கட்டி, ஆக்ஸ்ஃபோர்டில் தங்க ஏற்பாடு செய்துவிட்டார். புறப்பட்டுப் போகும் வழியில்தான் தேர்வானவர்களின் பட்டியலைப் பார்த்தார். அவர் பெயர் இருந்தது. கணித மேதை ராமானுஜனுக்குப் பிறகு அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1983ஆம் ஆண்டு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

"நமக்குக் கிடைக்காது" என்று அவருடைய பயம் சொன்ன கணிப்பு அன்று தவறாகிப் போனது. இவ்வளவு பெரிய கணக்கு வல்லுநரின் பயமே தப்புக் கணக்குப் போடுகிறது என்றால், நம் பயம் சொல்வதை நாம் ஏன் அப்படியே நம்ப வேண்டும்?

மூளையில் நடப்பது என்ன?

படிவம் 4 உயிரியலில் அட்ரினலின் பற்றிப் படிப்பீர்கள். ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குக் கட்டளை போகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை வேர்க்கிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரும் கூடுகிறது. செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டால் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிக நல்லது. தேர்வுத் தாளைக் கண்டு ஓட முடியாதே! ஆனால் மூளை இரண்டுக்கும் ஒரே மணியைத்தான் அடிக்கிறது.

கொஞ்சம் பதற்றம் இருந்தால் கெடுதி இல்லை. அது நம்மைப் படிக்க உட்கார வைக்கும். அளவு மீறும்போதுதான் தொல்லை. ஒரு கணக்கைச் செய்யும்போது எண்களையும் படிகளையும் சிறிது நேரம் மனத்தில் பிடித்துவைக்கிறோம் அல்லவா? அதற்கு மூளையில் இருக்கும் இடம் மிகச் சிறியது. ஒரு சிறிய மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஃபெயிலாகிவிடுவேனோ, அப்பா என்ன சொல்வார், கடனை எப்படிக் கட்டுவது" என்ற கவலைகள் அந்த மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டால், பாடத்துக்கு எங்கே இடம்? தெரிந்த விடையும் தேர்வு மண்டபத்தில் மறந்துபோவது இதனால்தான். அது அறிவுக் குறைவு அல்ல, இடப் பற்றாக்குறை.

சந்திரசேகர் பிற்காலத்தில் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன், மாணவர்கள் தங்கள் பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதினார்கள். தேர்வுப் பயம் அதிகம் உள்ளவர்களுக்கு இது நன்கு உதவியது. எழுதாதவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். மேசையில் கிடந்த கவலையைத் தாளுக்கு இறக்கிவைத்தது போல்தான்.

அதே ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த இன்னோர் ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். "முதலாண்டில் இந்த இடம் எனக்கு உரியது அல்ல என்றே நினைத்தேன், நாளடைவில் அந்த எண்ணம் போய்விட்டது" என்பதே அவற்றின் சாரம். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம்தான். ஆனால் சிறுபான்மையினரான கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி அடுத்த மூன்று ஆண்டுகளிலும் உயர்ந்தது.

மூத்தவர் ஒருவர் உண்மையைச் சொன்னால் இவ்வளவு பயன். நான் அன்று என் மாணவியை மேடையேற்றி, அந்த உண்மையைச் சொல்ல விடாமல் செய்துவிட்டேன்.

நீங்கள் ஏற்கெனவே தாண்டிய ஆறு

"இதெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கும் செல்லம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் நாங்கள் படாத பாடா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் லயத்து வீட்டில் ஒருவர் அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். காய்ச்சல் என்றால் கஞ்சி வரும். கஷ்டம் பெரிது, தனிமை இல்லை. இன்று வெளிநாட்டு விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு அழும் பிள்ளையின் குரல் யாருக்கும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

மாணவர்களே, நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை 'வெளிநாடு' போயிருக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டில் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? சில தோட்டப் பள்ளிகளில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். பிறகு ஒரு நாள் இடைநிலைப்பள்ளி. நூற்றுக்கணக்கான மாணவர்கள், பெரும்பாலான பாடங்கள் மலாய் மொழியில். முதல் வாரம் கழிவறை எங்கே என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இன்று அவர்களே என் வகுப்பில் மலாய் மொழியில் பரிசோதனையை விளக்குகிறார்கள். இந்த மாற்றம் உங்களுக்கு எப்படி நடந்தது? யாரோ ஒரு நண்பர் கிடைத்தார். ஒரு நாள் துணிந்து கேள்வி கேட்டீர்கள். பல்கலைக்கழகத்திலும் இதேதான், ஆறு மட்டும் கொஞ்சம் அகலம்.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது, கேள்வி கேட்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு கேள்வியாவது, மலாய் மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, வகுப்பில் எழுந்து நின்று கேளுங்கள். பள்ளியில் கேட்டுப் பழகாதவருக்கு விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டக் கை வராது.

இரண்டாவது, படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். நீண்ட நாள் நினைவில் நிற்பது இதுதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எது தெரியும், எது தெரியாது என்பதும் முன்பே தெரிந்துவிடும். தெரியாதது எது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். தூக்கத்தையும் விற்றுவிடாதீர்கள், படித்ததை மூளை பதிந்துவைக்கும் வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது.

மூன்றாவது, உங்கள் உண்மையான மதிப்பெண்ணைச் சொல்ல ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அக்கா, மாமா, பழைய ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. போகும் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே பார்த்துவையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அறையை விட்டு வெளியே வர முடியவில்லை என்றால் அது சாதாரணத் தேர்வுப் பயம் அல்ல. மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணிலும் பேசலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "நல்லா படிக்கிறியா?" என்பதற்குப் பதில் "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். கஷ்டம் இருக்கும் என்று நமக்குத் தெரியும், சொன்னால் கோபிக்கமாட்டோம் என்பது அந்தக் கேள்வியிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

நம் ஊரிலும் இது நடக்கிறது. ஆயர் குரோ பக்கம் உள்ள மல்ட்டிமீடியா பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். கடையில் சோற்றைச் சுட்டிக்காட்டித் தயங்கி நிற்கும் அந்த அந்நிய முகத்தைப் பார்த்தால் ஒரு புன்னகை செய்யுங்கள். நாளை வேறோர் ஊரில் நீங்களும் அப்படித்தான் நிற்பீர்கள்.

என் மாணவி அந்தச் செய்தியை அனுப்பிய மறுநாளே வீட்டில் சொன்னார். அப்பா சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாராம். இரண்டு பாடங்களையும் மறுபடி எழுதித் தேறினார். படிப்பு முடிய ஓராண்டு தாமதம், அவ்வளவுதான். இந்த ஆண்டு அறிவியல் கழகக் கூட்டத்துக்கு அவரை மீண்டும் அழைத்திருக்கிறேன். இம்முறை அந்த இரண்டு பாடங்களைப் பற்றித்தான் பேசப்போகிறார்.